காணாமற்போன குட்டி

சங்கையாவை முள்ளம்பன்றிக் கூண்டில் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

முள்ளம்பன்றி போன ஐப்பசியிலேயே செத்துப்போனது. கூண்டு காலியாகக் கிடந்தது, பூட்டும் கெட்டியாக இருந்தது. கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பெரிய நிலக்காரரான ஜன்மி அச்சுத மேனோன் தன் ஆசைக்கு வைத்திருந்த மிருகத் தோட்டம் அது. அங்கே ஒரு திருடனை வைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று காரியஸ்தர் நினைத்துவிட்டார். கம்பியில் தொங்கின பலகையைக்கூட யாரும் கழற்றவில்லை.

சோலை அந்தப் பலகையில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். முப்பத்திரண்டு வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன். ஓர் எழுத்தைத் தாண்டிப் போனால் பின்னால் வந்து கடித்துவிடுமோ என்கிற மாதிரித்தான் படிப்பான்.

"இ...தற்...குத் தீ...னி கொடுக்...காதீர்...கள்." படித்து முடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். "ஏண்ணே, முள்ளு எப்ப முளைச்சது?"

சங்கையா சிரிக்கவில்லை. மூணாறு மலை ரயிலில் அவர் டிரைவராக இருந்தபோது அவருக்குக் கரி அள்ளிப் போட்டவன் சோலை. அப்போதெல்லாம் இவன் வாயைத் திறந்தாலே அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். மலையாள ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது இங்கிலீஷ் இருபத்துநாலில், பெருவெள்ளம் வந்து ரயிலையும் தண்டவாளத்தையும் சுருட்டிக்கொண்டு போய் இப்போது ஆறு வருஷம். சங்கையாவின் பெண்சாதியும் இரண்டு பயல்களும் அதோடு போனார்கள். ஒரு வயசுப் பெண்குழந்தை பூமாரி மட்டும் மிச்சம். அவளைத் தலையில் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் கரையேற்றியவன் இதே சோலைதான். சங்கையாவுக்கு இப்போது இந்தத் தோட்டத்துச் சின்ன ரயிலை ஓட்டுகிற வேலை.

"பூமாரி எங்கண்ணே? பிள்ளைக்கு வளவி வாங்கியாந்திருக்கேன்."

"மூணாத்துல எந்தங்கச்சி மாரித்தாய்ட்ட அனுப்பிட்டேன்." சங்கையா தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லவேள. இந்தக் கோலத்துல ஒம்ம பாத்தா பிள்ள பயந்துரும்."

"சித்த சும்மா இருடா," என்றார் ராமபத்ரன்.

கல்பாத்தி ராமபத்ரன் போலீஸில் ரைட்டர் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவர். அவர் எழுதும் ரிப்போர்ட்டில் பொய்யென்று ஒரு வரி இருக்காது என்பது பாலக்காட்டு வக்கீல்களுக்கெல்லாம் தெரியும். வீட்டில் பேசுவது தமிழ்தான். படித்ததோ மலையாளமும் இங்கிலீஷும். கரடிக்குட்டி ஒன்று காணோம் என்று ஜன்மி ஆள் அனுப்பியபோது அவருக்குப் பெரிய உற்சாகம் இல்லை. பிடிபட்டவன் பெயர் சங்கையா என்றதும், இப்போது அவருக்குக் கையாளாக இருக்கிற சோலைதான் முதலில் மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

காரியஸ்தர் சின்னமுத்து ஒரு காகிதத்தோடு வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து நாலே மாசம்.

"வாங்க, வாங்க. துப்பறிய ஒண்ணுமே இல்லீங்க, துப்பு இந்தக் காயிதத்துலயே இருக்குது. ரயிலடிக் காவக்காரன் ஏசுதாஸ் கண்ணுல பாத்துச் சொன்னதுங்க. படிக்கறேன், கேளுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை விடியக்காலம் டிரைவர் சங்கையா ஒரு கரடிக்குட்டியைக் கம்பளியில் பொதிந்து ரயிலில் வைத்துக் கொண்டு போனான். திரும்பி வரும்போது குட்டி இல்லை. இப்படிக்கு ஏசுதாஸ், கைநாட்டு."

"சங்கையா என்ன சொல்றான்?"

"அதுதானுங்க கூத்து. எடுத்தேன்னும் சொல்லல, எடுக்கலைன்னும் சொல்லல. பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் மோட்டார்ல வர்றாரு. குட்டியக் குடுத்தான்னா மன்னிச்சு வுட்டரலாம்னு மொதலாளி சொல்றாரு. இல்லீன்னா செயிலுதானுங்க."

ராமபத்ரன் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரு வழியாக்கும் இருக்கு. குட்டி ரயிலிலே போச்சுன்னா நாமும் ரயிலிலே போவோம். எங்கே நின்னதுன்னு தண்டவாளமே பறையும். சோலை, தீ மூட்டுடா. ஓட்டறதுக்கு இவனைத் திறந்து விடச் சொல்லு."

அந்த ரயிலைப் பார்த்ததும் சோலைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எஞ்சின் அவன் இடுப்பு உயரம்கூட இல்லை. ஆனாலும் புகைபோக்கி உண்டு, பித்தளை மணி உண்டு, கொதிகலன் உண்டு. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. குயில் என்று பேர். பின்னால் தொட்டில் மாதிரி ஆறு பெட்டிகள், சிவப்புச் சாயம். ஜன்மி வீட்டு விருந்தாளிகளின் பிள்ளைகள் மான், மயில், கரடி என்று பார்த்துக்கொண்டே முக்கால் மைல் சுற்றி வரலாம். வேலைக்காரர்களின் பிள்ளைகள் ஏறக் கூடாது. அதற்கும் ஒரு பலகை இருந்தது. சோலை அதையும் விடாமல் படித்தான்.

"ஏண்ணே, நம்ம மலை எஞ்சின் குட்டி போட்டதா இது?" என்று கேட்டுக்கொண்டே கரியைப் போட்டான். மண்வாரிக்குப் பதில் ஒரு பெரிய கரண்டி போதுமாயிருந்தது. உள்ளங்கையில் பழைய காய்ப்பு மட்டும் பெரிய மண்வாரியைத் தேடியது.

சங்கையா கரிப்பெட்டி மேல் காலை மடக்கி உட்கார்ந்தார். முதல் பெட்டியில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து ராமபத்ரன். நீராவி ஏறியது. குயில் புறப்பட்டது.

மான் கொட்டகை, குரங்குக் கூண்டு, கரடிக் குகை. எங்கேயும் வண்டி நின்றதற்கான தடயம் இல்லை. அதைத் தாண்டினால் மூங்கில் புதர். அதை ஒட்டி ஜன்மி குடும்பத்துப் பாம்புக்காவு. கல்நாகங்களை வைத்துப் பூசை செய்கிற அடர்ந்த சின்னக் காடு அது, ஆள் நடமாட்டமே கிடையாது. வண்டி அந்த வளைவுக்கு வந்ததும் சங்கையாவின் கை தானாக மேலே போய் ஊதல் கயிற்றைப் பிடித்தது.

ஒரு நெட்டை. இரண்டு குட்டை.

கரண்டி சோலையின் கையிலேயே நின்றது. மலை ரயிலில் எத்தனையோ ஊதல்கள் உண்டு. பாலத்துக்கு ஒன்று, ஸ்டேஷனுக்கு ஒன்று, மாடு குறுக்கே வந்தால் ஒன்று. இது கூலிக்காரர்களின் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் மட்டும் ஊதுவது. தண்டவாளத்தில் விளையாடுகிற பிள்ளைகள் இதைக் கேட்டதும் ஓடி விலகிக் கைகொட்டும்.

"இங்கே எதுக்கடா ஊதினாய்?" என்றார் ராமபத்ரன்.

"பழக்கம் சாமி."

"கரடிக்குகை கிட்டே அந்தப் பழக்கம் எங்கே போச்சு?"

சங்கையா கயிற்றை விட்டுவிட்டார். ராமபத்ரன் சோலையைப் பார்த்தார். சோலை குனிந்து கரி போட்டான். வேண்டாத அளவுக்குப் போட்டான்.

வண்டி நின்றதும் சங்கையாவை மறுபடி கூண்டில் தள்ளினார்கள். ராமபத்ரன் நேராகக் கரடிக் குகைக்கு நடந்தார். கரடிக்குத் தீனி வைக்கிற பொன்னாத்தாள் கேழ்வரகுக் களியோடு வெளியே நின்றிருந்தாள். உள்ளே தாய்க்கரடி முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்தது.

"குட்டியைப் பறிகொடுத்த கரடியாக்கும் இது. கத்தித்தா?"

"இல்லீங்க சாமி. நானும் அதத்தான் காரியஸ்தர்கிட்டச் சொன்னனுங்க. குட்டிய ஆராச்சும் தூக்கியிருந்தா கம்பியப் பேத்துப்போடுமுங்க. போன வருசம் ஒரு நாய் கிட்ட வந்ததுக்கே அந்தக் கூத்துப் பண்ணுச்சு. செவ்வாய்க்கெழம நான் வாரப்பவே இப்பிடித்தானுங்க படுத்துக் கெடந்துச்சு. அன்னைக்குக் களியத் தொடவே இல்லீங்க."

"குட்டி எப்படி இருந்தது?"

"ஞாயித்துக்கெழமயிருந்து பால் குடிக்கலீங்க. தொவண்டு போயிருச்சு."

ராமபத்ரன் கொஞ்ச நேரம் கரடியின் முதுகையே பார்த்தார். "செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இது போட்ட சாணத்தை எங்கே கொட்டினாய்?"

பொன்னாத்தாள் வேலியோரம் கைகாட்டினாள். ராமபத்ரன் சோலையிடம் ஒரு குச்சியை நீட்டினார்.

"சாமி, எழுத்துப் படிச்சா நாற்காலியில உக்காந்து வேலைன்னு நீங்க சொன்னீய."

"இதுவும் படிக்கிறதுதாண்டா. கிளறு."

சோலை மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு கிளறினான். கறுப்பு மயிர்த் திரளை ஒன்று வந்தது. அதற்குள்ளே அரிசி அளவில் ஒரு நகம். இன்னொன்று. மூன்றாவதை எடுத்து உள்ளங்கையில் வைத்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. பொன்னாத்தாளுக்கும் விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்த குட்டியை நாய், நரி கிட்டே விட்டுக்கொடுக்காது," என்றார் ராமபத்ரன். "வேறே இடம் இல்லைன்னா தன் வயித்துக்குள்ளேயே வச்சுக்கும். பாவம், அதுக்குத் தெரிஞ்ச அடக்கம் அவ்வளவுதான்."

நகங்கள் தீப்பெட்டிக்குள் போயின. சோலைக்கு ரெக்கை முளைத்துவிட்டது. "அப்ப எங்கண்ணன் திருடல! நாந்தான் சொன்னேன்லா சாமி! கூண்டத் திறக்கச் சொல்லுங்க, பதினோரு மணிக்கு முன்னயே..."

"நில்லுடா. கரடிக்குட்டி இதுக்குள்ளே இருக்கு. அப்போ கம்பளியிலே பொதிஞ்சு ரயிலிலே போன குட்டி எது?"

ராமபத்ரன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"காகிதத்தை நீ ஒரு தரம் படி. அந்த மனுஷன் கடகடன்னு வாசிச்சுட்டார், நானும் காதாலே கேட்டதோட சரி."

சோலை வேலிக்கல்லில் உட்கார்ந்து காகிதத்தைத் தொடையில் விரித்தான். விரல் நகர்ந்தது. செவ்...வாய்க்...கிழமை. காரியஸ்தரின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. ஒ...ரு. அங்கே விரல் நின்றது. அடுத்த எழுத்து வரியில் இல்லை. ‘கரடி’ வரிக்கு மேலே, இண்டு இடுக்கில், சின்னதாக ஏறி உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு கொக்கி. வரியின் மை கறுப்பு, அந்த மூன்று எழுத்தின் மை நீலம்.

"சாமி, வரியில குட்டின்னுதான் இருக்கு. கரடி பொறவு வந்து ஏறியிருக்கு."

காரியஸ்தரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. "ஆமாங்க, நாந்தான் எழுதுனேன். அவன் குட்டி குட்டின்னே சொன்னான். என்ன குட்டின்னு இல்லாமப் போனா இன்ஸ்பெக்டர் கேப்பாருல்லங்க? காணாமப் போனது கரடிக்குட்டி. வேற எந்தக் குட்டிங்க?"

"ஏசுதாஸ் எந்த ஊர்?"

"ஆலப்புழைப் பக்கமுங்க. அவனுக்குத் தமிழே வராது."

சோலை காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தான். மூணாற்றில் இருந்தபோது மலையாளத்து ஆட்களோடு எத்தனை வருஷம் வேலை செய்திருப்பான். அவர்கள் பேச்சில் மனுஷப் பிள்ளையும் குட்டிதான். வெள்ளத்தன்று தலையில் பூமாரியோடு கரையேறியபோது கயிறு போட்டு இழுத்த மலையாளத்துக்காரன் கத்தினது இன்னும் காதில் இருந்தது. ‘குட்டியெ பிடிச்சோ! குட்டியெ பிடிச்சோ!’

ராமபத்ரன் கூடவே வந்தார். ரயிலடியில் ஏசுதாஸ் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏசுதாஸு," என்றான் சோலை, "செவ்வாக்கெழம நீ பாத்தது என்ன குட்டி?"

"பெண்குட்டியாணு." ஏசுதாஸுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "சங்கையன்டெ மோளு. உறங்குகயாயிருந்நு. பனியல்லே, கம்பளியில் பொதிஞ்ஞு மும்பிலத்தெ பெட்டியில் இருத்தி கொண்டுபோயி. எந்தா, ஆ குட்டிக்கு எந்து பற்றி?"

அவன் மகள். தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் ஆயிற்றே, கம்பளியில் பொதிந்து முதல் பெட்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோனான். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? ராமபத்ரன் தமிழில் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எழுத்துப் படித்ததற்காகச் சோலை முதல்முதலாக அன்றைக்குத்தான் வருத்தப்பட்டான்.

முள்ளம்பன்றிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூங்கில் வளைவுலயாண்ணே?"

சங்கையா தலையைத் தூக்கினார்.

"மூணு நாள் காய்ச்சல்ல. திங்கக்கெழம ராத்திரி போயிட்டா." குரல் கரித்தூள் விழுந்த மாதிரி இருந்தது. "வந்த நாள்லருந்து ஒரே கேள்விதான். அப்பா ஓட்டுத வண்டியில நான் எப்ப ஏறணும், எப்ப ஏறணும்னு. பலகையக் காட்டுவேன். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவேன். செவ்வாக்கெழம விடியக்காலம் மொத பெட்டியில உக்காரவச்சு ஒரு சுத்து முழுசாச் சுத்தினேன். ரெண்டாஞ் சுத்துலதான் எறக்குனேன்."

"எங்கிட்ட மாரித்தாய்ட்ட போயிட்டான்னு சொன்னீரே அண்ணே."

"ஒங்கிட்டச் சொன்னா நீ அழுவ. நீ அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்." கம்பிக்குள்ளிருந்து கை வந்து சோலையின் சட்டையைப் பிடித்தது. "காவை ஒட்டிக் கெடத்தியிருக்கேம்ல. தெரிஞ்சா தீட்டும்பான், தோண்டி வெளிய எறிவான். அவ ஆத்தாளையும் பயலுவளையும் தண்ணி கொண்டுபோச்சு. பொதைக்க ஒரு எலும்பு கெடைக்கல எனக்கு. இவ ஒருத்திக்குத்தான் இடம் இருக்கு. அது வழியா நாளைக்குப் பன்னெண்டு தடவ போறேன். செயிலுக்குப் போனாலும் திரும்பி வந்துரலாம். அவளத் தோண்டிட்டா..."

சோலை மடியிலிருந்த வளையல் பொட்டலத்தைத் துணிக்கு மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒன்று முறிந்தது.

மோட்டார் ஹாரன் கேட்டது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான், அவசரக்காரர். தீப்பெட்டியைத் திறந்து நகங்களைப் பார்த்தார், பொன்னாத்தாள் சொன்னதைக் கேட்டார், தலையை ஆட்டினார். அதன்பிறகு காகிதத்தை எடுத்தார்.

"கரடி விஷயம் முடிஞ்சது. ஆனா ஏதோ ஒரு குட்டி போயிருக்கே, திரும்பி வரலையே. அது என்ன?"

எல்லோரும் ராமபத்ரனைப் பார்த்தார்கள். அவர் மேல்துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சோலைக்குத் தெரியும், அவருக்குப் பொய் வராது. உண்மையைச் சொல்வார், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வார். வாயை மூடினால் இன்ஸ்பெக்டர் தண்டவாளத்து ஓரமெல்லாம் தோண்டித் தேடச் சொல்லுவார்.

"ஆட்டுக்குட்டிங்க ஐயா!" என்றான் சோலை.

சத்தமாகத்தான் சொன்னான். முகத்தில் சிரிப்பையும் எப்படியோ இழுத்து வைத்துக்கொண்டான்.

"தோட்டத்துக்குள்ள வேலக்காரங்க ஆடு வளக்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவாமே. இந்த மனுசன் களவா ஒண்ணு வளத்திருக்காரு. மானோட சேந்து பிடிபட்ரும்னு பயந்து கம்பளியில சுத்தி, மகாராசா மாதிரி ரயில்ல ஏத்தி, வேலிக்கு வெளிய கொண்டுபோயி மூணாத்துக்கு அவரு தங்கச்சிட்ட அனுப்பிட்டாரு. அங்க புல்லு நல்லாருக்கும்ங்க. பனிதான் கொஞ்சம் கூட."

காரியஸ்தர்தான் முதலில் சிரித்தார். "அட மடையா! ஒரு ஆட்டுக்குட்டிக்கா ரெண்டு நாளு கூண்டுல கெடந்தே?" இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கூடியிருந்த ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூண்டுக்குள் சங்கையாவும் உதட்டைப் பிரித்தார். பார்க்கிறவர்களுக்கு அதுவும் சிரிப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

"அப்படியா ஏசுதாஸ்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏசுதாஸ் சங்கையாவைப் பார்த்தான். சோலையைப் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த சங்கையாவின் விரல்களைப் பார்த்தான். பீடியைக் காலில் போட்டு மெதுவாக அணைத்தான்.

"அதே சாரே. ஆடாணு."

"சரி, காகிதத்தைத் திருத்திக் கொடுங்க, நான் கிளம்பறேன்."

ராமபத்ரன் பேனாவைத் திறந்தார். காகிதத்தின் மேல் கொண்டுபோனார். முள் காகிதத்தைத் தொடவில்லை. பிறகு பேனாவைச் சோலையின் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு வராது கேட்டியா. நீயே எழுதிடுடா." சொல்லிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சோலை ‘கரடி’யை அடித்தான். அதன் தலைக்கு மேலே இருந்த இத்துணூண்டு இடத்தில் எழுதினான். ஆ. ட். டு. மூன்று எழுத்து எழுத ஒரு சுமை கரி அள்ளின மாதிரி வேர்த்தது. எழுதினதை எப்போதும் ஒரு தடவை திரும்பப் படித்துப் பார்ப்பான். அதை மட்டும் படிக்கவில்லை.

சாயங்காலம் விருந்தாளிகளின் பிள்ளைகள் வந்தார்கள். பட்டுப்பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக ஆறு பெட்டியும் நிறைந்துவிட்டது. காரியஸ்தரும் முதல் பெட்டியில் ஒரு பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். சங்கையா ஓட்டினார். அன்றைக்கு ஒருநாள் கரி போடுகிறேனென்று சோலை முன்னால் ஏறிக்கொண்டான்.

மான், குரங்கு, கரடி. தாய்க்கரடி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தது. மூங்கில் வளைவு வந்தது. புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சருகு, மூங்கில் நிழல், சரளைக்கல்லுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் பதமான மண். சங்கையாவின் கை கயிற்றுக்குப் பாதி தூரம் போனது. பின்னால் காரியஸ்தரின் குரல் கேட்டதும் மடியில் விழுந்தது.

சோலை எட்டிக் கயிற்றை இழுத்தான்.

ஒரு நெட்டை. இரண்டு குட்டை.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கைகொட்டின.

"அங்க ஆருமே இல்லியே, எதுக்கப்பா ஊதறே?" என்றார் காரியஸ்தர்.

சோலை திரும்பவில்லை. "ஆட்டுக்குட்டி ஏதாச்சும் படுத்திருந்தா எந்திரிச்சுக்கிடட்டும்னுதானுங்க," என்றான்.

காரியஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார். சோலை அடுப்புக் கதவைத் திறந்து முகத்தை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கண்ணில் தண்ணீர் வந்தால் கரிப்புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.